பேரிங்கைத் தவறாக மாட்டியவர்களே ஏபிஎஸ் யூனிட்டையும் மாற்றவைத்த கதை

கோயம்புத்தூரில் ஒரு தனியார் பட்டறையில் எனக்கு நேர்ந்ததை, பழைய கார் வைத்திருப்பவர்களின் கவனத்துக்காக எழுதுகிறேன்.

என் கார் 2012-ஆம் ஆண்டு மாடல். முன்பக்க வலது சக்கரத்தில் உறுமல் சத்தம் கேட்டதால், சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கை மாற்றக் கொடுத்தேன். கூலியோடு 3,200 ரூபாய் ஆயிற்று. சத்தம் நின்றுவிட்டது. ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனையைத் தாண்டுவதற்குள் மீட்டரில் மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பின் எச்சரிக்கை விளக்கு) எரியத் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட எரியாத விளக்கு, வேலை முடிந்த அதே மாலையில் எரிகிறதே என்று மறுநாள் கேட்டபோது, "பழைய வண்டி சார், ரெண்டுக்கும் சம்பந்தமில்லை" என்றார்கள். காரின் கணினி பதிவுசெய்யும் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினார்கள், திரையை என்னிடம் காட்டவில்லை. பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏபிஎஸ் யூனிட் போய்விட்டது, புதியது 42,000 ரூபாய், பழைய யூனிட் ஒன்று 16,000 ரூபாய்க்குக் கிடைக்கும் என்றார்கள். நான் பழைய யூனிட்டுக்கே சம்மதித்தேன். பிழைக் குறியீடு என்ன என்று ஒரு வார்த்தை கேட்காதது என் தவறு.

மாற்றிய பிறகு விளக்கு அணைந்திருந்தது. குறியீட்டை அழித்திருந்தார்கள், அவ்வளவுதான், ஓட்டிப் பார்க்கவில்லை. வீடு சேர்வதற்குள் விளக்கு மீண்டும் எரிந்தது. அதைவிட மோசம், பிரேக் பெடல் பஞ்சுபோல உள்ளே இறங்கியது. மஞ்சள் விளக்கு மட்டும் எரியும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதிதான் பொதுவாகப் போகுமே தவிர, சாதாரண பிரேக் வேலை செய்யும். இவர்களோ யூனிட்டை மாற்றுவதற்காகப் பிரேக் குழாய்களைக் கழற்றி, உள்ளே புகுந்த காற்றை முழுமையாக வெளியேற்றாமல் விட்டதால், நன்றாக இருந்த பிரேக்கையும் கெடுத்துவிட்டார்கள். இரண்டாம் கியரிலேயே உருட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

பிறகு வேறொரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனை வீட்டுக்கே வரவழைத்தேன். அவர் முதலில் பிரேக்கில் இருந்த காற்றை எடுத்தார். அதன்பின் ஸ்கேனரை இணைத்து, என்னை மெதுவாக ஓட்டச் சொல்லி, நான்கு சக்கரங்களின் வேகத்தையும் திரையில் காட்டினார். மூன்று சக்கரங்கள் 20 கிலோமீட்டர் காட்டின. முன்பக்க வலது சக்கரம் மட்டும் பூஜ்யம் காட்டியது. ஐந்து நிமிட வேலை. சந்தையில் கிடைக்கும் மலிவான ஸ்கேனர்கள் பலவும் எஞ்சின் குறியீடுகளை மட்டுமே படிக்கும் என்பதால், ஏபிஎஸ் குறியீட்டைப் படிக்கும் கருவிதானா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது என்றும் அவர் சொன்னார்.

சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரிலும் அதன் ஒயரிலும் கோளாறு இல்லை. என் காரில் அந்தச் சென்சார் படிக்கும் காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்கத்து மூடியிலேயே பதிந்திருக்கிறது. அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பட்டறையில் பேரிங்கைப் பக்கம் மாற்றி அழுத்தி மாட்டியிருந்தார்கள். சக்கரம் குறையில்லாமல் சுழலும், சத்தமும் வராது. ஆனால் சென்சாருக்கு எதுவும் தெரியாது. வண்டி நின்றிருந்தபோது அமைதியாக இருந்த விளக்கு, ஓடத் தொடங்கியதும் எரிந்ததற்குக் காரணம் இதுதான். மெல்லிய குண்டூசியை இரு பக்கமும் வைத்துப் பார்த்தால், அது இலேசாக ஒட்டும் பக்கமே காந்தப் பக்கம் என்று காட்டினார். அழுத்திக் கழற்றிய பேரிங்கை மறுபடி மாட்டக்கூடாது என்பதால் இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று. விளக்கு அதன்பின் எரியவில்லை.

பட்டறைக்குச் சென்று 16,000 ரூபாயையும், கழற்றிய என் யூனிட்டையும் கேட்டேன். பணத்தை அடுத்த சர்வீஸில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். யூனிட் பழைய இரும்புக்குப் போய்விட்டதாம். கையில் இருப்பது முத்திரையில்லாத ஒரு துண்டுச்சீட்டு. அதையும், பணம் அனுப்பிய கைபேசிப் பதிவையும், வேகம் பூஜ்யம் காட்டிய திரையின் படத்தையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.