டெக்ஸஸ் அபார்ட்மெண்ட்ல ரெண்டர்ஸ் இன்சூரன்ஸ்: கிளெய்ம் பண்ணி காசு வாங்கின அனுபவம்

டாலஸ் பக்கத்துல இர்விங்ல ரெண்டு பெட்ரூம் அபார்ட்மெண்ட்ல அஞ்சு வருஷமா வாடகைக்கு இருக்கோம். இந்த ரெண்டர்ஸ் இன்சூரன்ஸ், அதாவது வாடகைக்கு இருக்கிறவங்க தங்க சாமானுக்கு எடுக்கிற காப்பீடு பத்தி நம்மாளுங்க யாருமே சரியா சொல்லி நான் கேட்டதில்ல, லீஸ் சைன் பண்றப்ப ஆபீஸ்ல கேக்குறாங்கன்னு ஏதோ ஒண்ண எடுத்துப் போட்டுட்டு மறந்துடறோம். நான் கிளெய்ம் பண்ணி முழுசா காசு வாங்கினவ, அதனால எழுதணும்னு தோணுச்சு.

மொதல்ல நான் ஏமாந்த கதை. முதல் வருஷம் லீஸிங் ஆபீஸ்ல "லயபிலிட்டி (நம்மளால மத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான) கவரேஜ் இருக்கணும், இல்லன்னா மாசம் பதினாலரை டாலர் நாங்களே வாடகையோட சேத்துக்கறோம்"னு சொன்னாங்க, சரி வேலை மிச்சம்னு ஓகே சொல்லிட்டேன். அது நம்ம சாமானுக்கான இன்சூரன்ஸே இல்லைங்க! நம்மளால அவங்க பில்டிங்குக்கு சேதம் ஆனா அதுக்கு மட்டும்தான். நம்ம சோபா, டிவி, துணிமணி எதுக்கும் ஒரு பைசா வராது. ஒரு வருஷம் கழிச்சு லீஸ் பேப்பர உக்காந்து வரி வரியா படிச்சப்பதான் தெரிஞ்சுது. உடனே நிறுத்திட்டு வெளில ஒரு கம்பெனில எடுத்தேன். மாசம் 17 டாலர், சாமானுக்கு 30,000, லயபிலிட்டி 1,00,000, டிடக்டிபிள் (ஒவ்வொரு கிளெய்ம்லயும் முதல்ல நம்ம கைலேர்ந்து போகுற தொகை) 500. ரெண்டரை டாலர் வித்தியாசத்துல எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்க. லீஸிங் ஆபீஸ் பேர பாலிசில 'இன்ட்ரஸ்டட் பார்ட்டி'யா (பாலிசி பத்தி தகவல் போக வேண்டியவங்களா) போட்டு அனுப்பினா போதும், அந்த ஃபீஸ எடுத்துடுவாங்க.

எடுக்கும்போது ஏஜெண்ட் கேட்ட ஒரே முக்கியமான கேள்வி, ஆக்சுவல் கேஷ் வேல்யூவா ரீப்ளேஸ்மெண்ட் காஸ்டான்னு. முதல்ல சொன்னதுல பொருள் எத்தனை வருஷம் பழசோ அதுக்கு தேய்மானம் கழிச்சுதான் குடுப்பாங்க, ரெண்டாவதுல அதே மாதிரி புதுசு வாங்க என்ன ஆகுமோ அது வரும். எனக்கு மாசம் 3 டாலர்தான் கூட. தயவுசெஞ்சு ரெண்டாவதையே எடுங்க, ஏன்னு கீழ படிச்சா புரியும்.

போன வருஷம் ஜனவரில ராத்திரி ரெண்டு மணிக்கு மாடி வீட்டு வாட்டர் ஹீட்டர் வெடிச்சு எங்க பெட்ரூம் சீலிங் அப்படியே இடிஞ்சு விழுந்துது. நல்லவேளை ஊர்லேர்ந்து வந்திருந்த அம்மாவும் பொண்ணும் ஹால்ல படுத்திருந்தாங்க, நாங்க ரெண்டு பேரும் சத்தம் கேட்டு ஓடி வந்துட்டோம். கிளாசெட் முழுக்க தண்ணி, மெத்தை, லேப்டாப், அதவிட என் பட்டுப்புடவை பதினொண்ணு, சூட்கேஸோட ஊறிப்போச்சு. சாயம் ஒண்ணோட ஒண்ணு கலந்து, ஜரிகையெல்லாம் கறுத்து, கையில எடுக்கவே மனசு வரல. அம்மா "விடுடி, உசுரு தப்புச்சே, அது போதும்"னாங்க, ஆனா முகூர்த்தப் புடவைய பாத்ததும் அவங்களுக்கே அழுகை வந்துடுச்சு. லீஸிங் ஆபீஸ்ல சீலிங், கார்ப்பெட் எங்க பொறுப்பு, உங்க சாமானுக்கு உங்க இன்சூரன்ஸ்ல கேளுங்கன்னுட்டாங்க.

காலைல ஆப்லயே கிளெய்ம் போட்டேன், மறுநாள் அட்ஜஸ்டர் (சேதத்த மதிப்பு போடுற இன்சூரன்ஸ் கம்பெனி ஆள்) ஃபோன் பண்ணினார். அப்புறம்தான் உண்மையான வேலை ஆரம்பிச்சுது, 64 பொருளுக்கு லிஸ்ட், ஒவ்வொண்ணும் எப்ப வாங்கினது, எங்க, என்ன விலை, படம். புடவைக்கு ஏது பில்லு, காஞ்சிபுரத்துல அப்பா எடுத்துக் குடுத்தது! கல்யாண ஆல்பம், சீமந்த ஃபோட்டோ, தீபாவளி ஃபோட்டோன்னு தேடி எந்தெந்த புடவை நான் கட்டியிருக்கேனோ அத வட்டம் போட்டு அனுப்பினேன், அதோட இப்ப அதே மாதிரி புடவை என்ன விலைன்னு ஜவுளிக்கடை வெப்சைட்லேர்ந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து டாலர்ல மாத்தி வெச்சேன். ஒத்துக்கிட்டாங்க. ஆனா முதல்ல தேய்மானம் கழிச்ச தொகைதான் வந்துது, 900 டாலர் மெத்தைக்கு 480. மீதிப் பணம் நாம புதுசு வாங்கி பில்ல அனுப்பினாதான் வரும். புடவைய ஊர்ல போய்தான் வாங்க முடியும்னு சொல்லி டைம் கேட்டேன், குடுத்தாங்க, ஜூலைல போய் எடுத்துட்டு வந்து ஜிஎஸ்டி போட்ட பில்ல அனுப்பினதும் பாக்கியும் வந்துடுச்சு.

வீட்ட சரி பண்ற வரைக்கும் ஒன்பது ராத்திரி கிச்சன் இருக்கிற ஹோட்டல்ல இருந்தோம், அந்த வாடகை முழுசும் 'லாஸ் ஆஃப் யூஸ்'ல (வீட்டுல இருக்க முடியாதப்ப ஆகுற கூடுதல் செலவுக்கான கவரேஜ்) வந்துது. சாப்பாட்டுக்கு மட்டும் முழுசா தர மாட்டாங்க, வழக்கமா வாரத்துக்கு மளிகைக்கு எவ்வளவு ஆகுமோ அத கழிச்சு மேல ஆனத மட்டும் தருவாங்க. நியாயம்தான், ஆனா பில்லெல்லாம் பத்திரமா வெச்சிருக்கணும்.

இனி குறை. நடுவுல அட்ஜஸ்டர் மாறிட்டார், புது ஆளுகிட்ட மொதல்லேர்ந்து திரும்ப சொல்ல வேண்டியிருந்துது, அந்த ரெண்டு வாரம் ரொம்ப மன உளைச்சல். ரின்யூவல்ல 17 டாலர் 23 ஆச்சு. கிளெய்ம் போட்டா அந்த ரெக்கார்ட் ஏழு வருஷம் வரைக்கும் நிக்கும், வேற கம்பெனிக்கு போனாலும் பாப்பாங்க, அதனால 600, 700 டாலர் சேதத்துக்கெல்லாம் கிளெய்ம் போடாதீங்க.

நம்மாளுங்க கண்டிப்பா பாக்க வேண்டியது நகை. சாமானுக்கு 30,000 இருந்தாலும் நகை திருடு போனா எங்க பாலிசில 1,500 டாலர்தான் உச்சம், நிறைய பாலிசில இதே கதைதான். இன்னிக்கு தங்கம் விக்கிற விலைல ரெண்டு பவுன் சங்கிலிக்கே அது பத்தாது. மதிப்பீட்டு சர்டிபிகேட் குடுத்து தனியா ஷெட்யூல் பண்ணணும், அதாவது அந்த நகைய பேர் போட்டு அதோட மதிப்புக்கு பாலிசில சேக்கணும். பேங்க் லாக்கர்ல இருக்கே, எஃப்டிஐசி (பேங்க் டெபாசிட்டுக்கான அரசாங்க காப்பீடு) பாத்துக்கும்னு சிலர் நெனைக்கிறாங்க, அது டெபாசிட் பணத்துக்கு மட்டும்தான், லாக்கர்ல இருக்கிறதுக்கு கிடையாது.

அடுத்தது வெள்ளம். மாடிலேர்ந்து பைப் உடைஞ்சு வந்தா கவர் ஆகும், வெளிலேர்ந்து வெள்ளம் உள்ள வந்தா ஆகாது. ஹூஸ்டன்ல 2017 ஹார்வி புயல் வெள்ளத்த பாத்தவங்களுக்கு தெரியும். தரைத்தளத்துல இருந்தா அரசாங்கத்தோட ஃப்ளட் இன்சூரன்ஸ் தனியா எடுங்க, வாடகைக்காரங்க சாமானுக்கு மட்டும் 1,00,000 டாலர் வரைக்கும் எடுக்கலாம், ஆனா பொதுவா 30 நாள் கழிச்சுதான் அமலுக்கு வரும், புயல் செய்தி வந்தப்புறம் ஓடினா பிரயோஜனம் இல்ல. ரூம்மேட்டோட இருக்கிற பசங்களே, அவன் பாலிசில உங்க பேர் இல்லன்னா உங்க லேப்டாப்புக்கு ஒண்ணும் வராது.

17 டாலர் கூட எதுக்குன்னு யோசிக்கிறவங்க, வாலே ட்ராஷ் (வாசல்லேர்ந்து குப்பை எடுக்குறது), பெஸ்ட் கண்ட்ரோல்னு மாசாமாசம் நாம பேசாம கட்டுறத ஒரு தடவ கூட்டிப் பாருங்க. கரண்ட் பிளானும் பாருங்க, 1000 யூனிட் தாண்டினா பில்லுல கிரெடிட் (தள்ளுபடி)னு விளம்பரம் பண்ற பிளான்ல குளிர்காலத்துல 980 யூனிட் வந்து அந்த கிரெடிட் கிடைக்காம நாங்க அதிகமா காசு கட்டினோம், ஃபிக்ஸட் ரேட்டுக்கு மாறினதுல மிச்சமானதுலயே இன்சூரன்ஸ் கட்டிடறேன்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன், ஒண்ணு அந்த அட்ஜஸ்டர் மாத்தின ரெண்டு வாரத்துக்காக கொறச்சது. அடுத்த மாசம் ரின்யூவல், இந்த தடவ 35,000 ஆக்கி தாலிக்கொடியையும் ஷெட்யூல்ல சேக்கறேன். நேத்து ராத்திரி பீரோ, கிச்சன் ஷெல்ஃப் எல்லாத்தையும் திறந்து வெச்சு வீடியோ எடுத்து முடிச்சேன், புதுப் புடவை ஒவ்வொண்ணா பிரிச்சுக் காட்டி.