பஸ்கிக்கு வாங்கலாம், கபடிக்கு வேண்டாம்

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் பி.டி. வாத்தியார். ஏ.ஐ. பயிற்சிச் செயலி ஒன்றை மூன்று மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பேரை விட்டுவிடுகிறேன், விற்றவர் தெரிந்த மனுஷர்.

போனை ஸ்டாண்டில் நிறுத்தினால் பிள்ளையின் தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்துக் கோடு இழுக்கிறது, கோலம் போடுகிற மாதிரி. வீடியோவில் உடம்பசைவைக் கண்டுபிடிக்கும் கூகுளின் மீடியாபைப் மென்பொருளில் உடம்புக்கு 33 புள்ளி, இதுவும் அந்த வழிதான். மூட்டு எவ்வளவு மடங்கியது என்று பார்த்து, பஸ்கியில் அரைகுறையாக இறங்கினால் கணக்கில் சேர்க்காது.

மத்திய அரசின் கேலோ இந்தியா உடற்தகுதித் தேர்வில் 30 வினாடி கர்ல்-அப் (மல்லாந்து படுத்துத் தோளைத் தூக்கி இறக்குவது) இருக்கிறதே, அதற்குத்தான் இது வரம். முன்பெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்த கூட்டாளிதான் எண்ணுவான், 18 எடுத்தவனுக்கு 25 என்று கூசாமல் சொல்வான். இப்போது அது நடக்காது. ஆனால் இரண்டே வாரத்தில் எட்டாம் வகுப்புப் பயல் ஒருவன், தோளை மட்டும் உதறினாலே எண் ஏறுகிறது என்று கண்டுபிடித்துவிட்டான்! போனைப் பக்கவாட்டில் தரையோடு தரையாக வைத்தபிறகுதான் அடங்கினான்.

மழை நாளில் பக்கத்துச் செட்டியார் வீட்டு வளவில் வகுப்பு. அங்கே புள்ளிகள் தாறுமாறாக ஓட, ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலைப்பாடுதான் குழப்புகிறது என்று நினைத்தேன். இல்லை, பிள்ளைகளுக்குப் பின்னால் முற்றத்து வெளிச்சம். போனைத் திருப்பி வைத்ததும் சரியாகிவிட்டது. துப்பட்டாவை இழுத்துக் கட்டாவிட்டாலும் இடுப்புப் புள்ளி அலையும்.

கபடியில் சுத்தம். பாடிப் போனவனை நாலு பேர் அமுக்கியதும் ஒருத்தன் கால் இன்னொருத்தன் உடம்பில் முளைக்கிறது, அடியில் கிடந்தவனைப் பார்த்து "முழங்காலை நேராக வைக்கவும்" என்றது பாருங்கள், திடலே சிரித்தது.

2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். வீடியோ எங்கே போகிறது என்று கேட்டேன், இங்கிலீஷில் 14 பக்கம் அனுப்பினார்கள். நெட்டை அணைத்தாலும் எண்ணுகிறது, அப்படியே ஓட்டுகிறேன்.

ஐந்துக்கு மூன்று. மத்தியான வெயிலில் செம்மண் திடலில் போன் சூடாகி அணைந்துவிடும், வேப்பமரத்தடி பார்த்து வையுங்கள். அப்புறம், ஸ்டாண்டுக்குத் தனிக் காசு கேட்பார்கள், பேரம் பேசி அதையும் சேர்த்தே வாங்குங்கள்.