கிளட்ச் மாற்றிய பிறகும் கோஸ்தான் விழவில்லை

என்னோடு ஒரே ஷிப்டில் வேலை செய்யும் தங்கை ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "அக்கா, மேனுவல் காடி ஒன்று விலை குறைத்துத் தருகிறார்கள். கோஸ்தான், அதான் ரிவர்ஸ் கியர், மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது. கிளட்ச் மாற்றினால் போதுமாம். எடுக்கலாமா?" கேண்டீன் வரிசையில் நின்றுகொண்டு அவளுக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 1.3 மேனுவல். 2010இல் வந்த காடி, 2019இல் என் கைக்கு வந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, கேபிள் இல்லாமல் எண்ணெயில் வேலை செய்யும் கிளட்ச் உள்ள பெரும்பாலான காடிகளுக்கு இது பொருந்தும். வீடு மலேசியாவின் பிறையில், வேலை பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில். 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தைத் தினமும் இரண்டு தடவை கடக்கிறேன். இன்ஜின், ஏர்கான், டயர் எதைப் பற்றியும் எனக்குக் குறையில்லை. எல்லாக் குறையும் இடது கால் பெடலில்தான் இருந்தது.

2022 கடைசியில் ஆரம்பித்தது. காலையில் வீட்டு வாசலில் எல்லாக் கியரும் ஒழுங்காக விழும். பாலத்து ஜேமில் அரை மணி நேரம் ஊர்ந்து, ஃபேக்டரி கார் பார்க்குக்கு வந்து கோஸ்தான் போட்டால் கறகறவென்று சத்தம். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பெடலை விட்டு மறுபடி மிதித்தால் சத்தமே இல்லாமல் விழும். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காடி தன் வியாதியை அன்றைக்கே சொல்லிவிட்டது, எனக்குத்தான் அப்போது புரியவில்லை.

வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் காட்டினேன். போர்மேன் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கிளட்ச் போச்சு. நீங்கள் எப்போதும் காலைப் பெடல் மேலேயே வைத்து ஓட்டுவீர்கள், அதான்" என்றார். என் அப்பா லோரி ஓட்டியவர். கிளட்சில் கால் வைத்துக்கொண்டு ஓட்டினால் முட்டியில் தட்டித்தான் சொல்லிக்கொடுத்தார். இருபது வருடமாக மேனுவல் ஓட்டுகிறேன். காடியைப் பார்க்காமலே காலைக் குறை சொன்னது இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. ஆனாலும் அன்று மறுத்துப் பேசத் தெரியவில்லை. கியர்பாக்ஸை இறக்கி பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றினார்கள். கூலியோடு 780 வெள்ளி (ரிங்கிட்).

அவர்களுக்கும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கழற்றிய பழைய பிளேட்டைக் காட்டினார்கள். ஆணித் தலையைத் தொடுகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச மாதத்தில் எப்படியும் மாற்றியே ஆக வேண்டும். அதில் பொய் இல்லை.

ஆனால் என் பிரச்சினை அது இல்லையே! தேய்ந்த பிளேட் வழுக்கும். மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்தும், வேகம் ஏறாது. என் காடியோ அதற்கு நேர் எதிர். கிளட்ச் பிடித்தது, விடவேண்டிய நேரத்தில் முழுசாக விடவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை யாரும் செலவழிக்கவில்லை.

இரண்டு வாரம் நன்றாக ஓடியது, அப்புறம் அதே கறகற. திரும்பக் கொண்டுபோனால், பெடலுக்குப் பின்னால் இருக்கும் கம்பியை நீட்டி முடுக்கி, பெடல் உயரமாக வந்துவிட்டது, இனிமேல் சரியாக இருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வாரக் கடைசியில் பாயா தெருபோங் வழியாக பாலிக் புலாவுக்குப் போனேன். துன் சார்டோன் சாலை வளைவுகளில் ஏறும்போது மூன்றாம் கியரில் இன்ஜின் கத்துகிறது, காடி ஏறவில்லை, கருகிய வாடை. புது பிளேட் வழுக்கியது! பெடலில் கொஞ்சம் லூஸ் விடவேண்டும். விடாமல் முடுக்கினால், காலை எடுத்த பிறகும் மேல் பம்பில், அதாவது பெடல் தள்ளி எண்ணெயை அழுத்தும் பம்பில், அழுத்தம் முழுசாக இறங்காது, பிளேட் பாதி பிடித்தபடியே தேயும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஓரமாக நிறுத்தி இன்ஜின் ஆறும்வரை நின்றேன். புது சாமானைத் தாங்களே கெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பெரியவரின் சின்னப் பட்டறை இருக்கிறது என்று என் நாத்தனார் சொன்னார். போனதும் அவர் ஸ்பானரைத் தொடவில்லை. "பசியாறிட்டியா தங்கச்சி? உட்கார். எப்போது விழவில்லை, எப்போது விழுகிறது, அதை மட்டும் சொல்" என்றார். ஜேம், வெயில், இரண்டாவது தடவை மிதித்தால் சரியாகிவிடுவது, எல்லாம் சொன்னேன்.

முதலில் பெடலில் லூஸ் வரும்படி கம்பியைச் சரிசெய்தார். அப்புறம் சமதரையில் இன்ஜினை ஓடவிட்டு, முன்னால் ஆளில்லாமல் பார்த்து, கிளட்சை முழுசாக மிதித்து முதல் கியர் போட்டு, பிரேக்கில் கால் வைத்துக் காத்திருக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் காடி பிரேக்கை மீறி நகரப் பார்த்தது. காலை நான் அசைக்கவே இல்லை. சிக்னலில் முன்னால் மோட்டார் சைக்கிள் நின்ற நேரங்கள் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது.

இன்ஜினை அணைத்து, ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, என் மகனைப் பெடலை மிதித்துப் பிடிக்கச் சொன்னார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு டார்ச் அடித்தார். கியர்பாக்ஸில் பொருத்திய கீழ் பம்பு (மேல் பம்பு அனுப்பும் எண்ணெயின் அழுத்தத்தில் நகர்வது), அதன் முனையில் ஒரு கம்பி, அந்தக் கம்பி தள்ளுகிற ஃபோர்க், கிளட்சை விடுவிப்பது அதுதான். மகன் மிதித்ததும் ஃபோர்க் நகர்ந்தது. அப்புறம், அவன் காலை அழுத்திப் பிடித்திருக்கும்போதே, அது மெதுவாக, கண்ணுக்குத் தெரியும்படி பின்னால் வந்தது. "டேய், காலை எடுத்தியா?" என்று கேட்டேன். "இல்லம்மா, மிதிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்." பெரியவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

கீழ் பம்பின் ரப்பர் உறையைத் தூக்கிப் பார்த்தார், காய்ந்திருந்தது. பெடலுக்குக் கீழே கார்ப்பெட்டைத் தடவினார், அங்கும் ஈரமில்லை. கிளட்ச் எண்ணெய் டப்பாவில் அளவும் குறையவில்லை. ஆக, எண்ணெய் வெளியே ஒழுகவில்லை, மேல் பம்புக்கு உள்ளேயே தேய்ந்த ரப்பரைத் தாண்டித் திரும்பி டப்பாவுக்கே போகிறது. சூடாகும்போது எண்ணெய் இளகுவதால் அது இன்னும் சுலபமாகத் தாண்டுகிறது. அதனால்தான் காலையில் ஒழுங்காக இருந்து ஜேமில் கெட்டது. இரண்டாவது தடவை வேகமாக மிதிக்கும்போது எண்ணெய் தப்பிப் போவதற்குள் கியர் விழுந்துவிடுகிறது. வளைந்த பிளேட்டும் இப்படி விடாமல் பிடிக்கும், ஆனால் எத்தனை தடவை மிதித்தாலும் குணமாகாது. பைப்பில் காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி இருக்கும், என்னுடையது அப்படி இல்லை. இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. 780 வெள்ளிக்கு வராத விளக்கம்.

டப்பாவில் இருந்த எண்ணெய் கோப்பி-ஓ மாதிரி கறுத்திருந்தது. ரப்பர் தேய்ந்த தூள். இந்த எண்ணெய் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், கிளட்சை மாற்றும்போதாவது இதை மாற்றியிருக்க வேண்டும் என்றார். புது மேல் பம்பு போட்டு, டாட் 4 பிரேக் எண்ணெய் ஊற்றி, மகனை மிதிக்கச் சொல்லிக் காற்றை எடுத்தார். ஃபெண்டரில் சிந்திய நாலு சொட்டை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினார், விட்டால் பெயிண்ட் உரிந்துவிடுமாம். சாமானும் கூலியும் சேர்த்து 210 வெள்ளி.

அதிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. பெடல் கடைசிவரை ஒரே கனத்தில் இறங்குகிறது, பிடிக்கிற இடம் தினமும் அதே இடம். கோஸ்தான் ஒரு விரலில் விழுகிறது. புதுக் காடியில்கூட இப்படி ஒரு கிளட்சை நான் மிதித்ததில்லை. இன்றைக்கும் கார் பார்க்கில் கோஸ்தான் போடும்போது ஒரு நொடி காது கொடுத்துக் கேட்கிறேன், சத்தமில்லை என்றதும் அவ்வளவு நிம்மதி.

இப்போது தங்கையின் கேள்விக்கு வருகிறேன். அந்தக் காடிக்கும் வெறும் பம்புதான் காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் செலவு கொஞ்சம்தான், காடியும் மலிவு. ஆனாலும் எடுக்காதே என்றுதான் சொல்வேன். விற்கிறவர் "கிளட்ச் மாற்றினால் போதும்" என்று எதைப் பார்த்துச் சொல்கிறார்? அந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பழைய கோபம் வந்துவிடுகிறது. தினமும் பாலத்து ஜேமில் இடது காலோடு போராட உனக்கு என்ன தலையெழுத்து, ஓட்டோ கியர் காடி பார்.

மனசு கேட்கவில்லை, போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், சனிக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்லை. மத்தியானம் போவோம், கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு பார்ப்போம். நீ பெடலை மிதித்துப் பிடி, நான் போனட்டுக்குள் டார்ச் அடிக்கிறேன்.