சோலார் வெந்நீர்த் தொட்டியைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்கவிருப்பவர்கள், குறிப்பாக அடுக்கு கலையாத தொட்டி (வெந்நீர் மேலும் குளிர்நீர் கீழுமாகக் கலக்காமல் நிற்கும் தொட்டி) என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கப்படுவதை வாங்கவிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டுகிறேன். எங்களுக்கு விற்ற 200 லிட்டர் தொட்டியில், பில்லில் தனி வரியாக எழுதிப் பணம் வாங்கிய தடுப்புத் தகடு இல்லவே இல்லை.

60 டிகிரி சூட்டில் இருக்கும் நீரின் அடர்த்தி, 20 டிகிரியில் இருக்கும் நீரைவிட ஏறத்தாழ 1.5 சதவீதமே குறைவு. அந்தச் சிறு வேறுபாட்டினால்தான் வெந்நீர் மேலேயும் குளிர்நீர் அடியிலும் பிரிந்து நிற்கின்றன. அடியில் நுழையும் நீர் பீறிட்டு வந்தால் இரண்டும் கலந்துவிடும். வேகத்தைத் தணித்து நீரைப் பக்கவாட்டில் பரவச் செய்வதே தகட்டின் வேலை.

எங்கள் வீட்டில் நல்ல வெயில் அடித்த நாளின் மாலையில்கூட, குழாயைத் திறந்த சற்று நேரத்தில் சூடு இறங்கத் தொடங்கிவிடும். புகார் செய்தபோது மேகமூட்டம் என்றார்கள்; பிறகு, தொட்டியின் அடியிலுள்ள மின் ஹீட்டரை எந்நேரமும் போட்டு வைக்கச் சொன்னார்கள். இதைவிடக் கெடுதலான ஆலோசனை இருக்க முடியாது. அடியில் சூடேற்றினால் தொட்டி முழுவதும் ஒரே சூட்டுக்கு வந்து, பேனலுக்குக் குளிர்நீருக்குப் பதில் வெதுவெதுப்பான நீரே போகும். அதனால் வெயிலிலிருந்து கிடைக்கும் வெப்பம் குறையும், தொட்டியின் குறையோ மின்கட்டணத்துக்குள் மறைந்துவிடும்.

ஹீட்டரை அணைத்துவிட்டு, நீரைப் பிடிக்கப் பிடிக்க வெப்பமானியால் அளந்து பார்த்தோம். அடுக்கு கலையாத தொட்டியில் பெரும்பகுதி நீர் வெளியேறும்வரை சூடு ஏறக்குறைய மாறாமல் இருந்து, அதன்பின் சட்டென்று விழும். முழுவதும் கலந்துவிடும் 200 லிட்டர் தொட்டியிலோ, 60 டிகிரியில் தொடங்கி 20 டிகிரி நீர் உள்ளே வந்துகொண்டிருந்தால், 100 லிட்டர் போனதுமே சூடு 44 டிகிரிக்கு இறங்கிவிடும். எங்கள் அளவுகள் இந்த இரண்டாவது கணக்கையே ஒட்டியிருந்தன. மின்சாரத்தைத் துண்டித்து, நீரை வடித்து, வேறொரு பிளம்பர் ஹீட்டர் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார்: குளிர்நீர்க் குழாயின் வாய் மேல்நோக்கி மொட்டையாக நின்றது, எதிரே தகடு பற்றவைத்த தடயம்கூட இல்லை. படங்களை அனுப்பியதற்கு, அந்த மாடலின் அமைப்பே அதுதான் என்று பதில் வந்தது. மாற்றித் தரவும் இல்லை, பணத்தைத் திருப்பவும் இல்லை.

ஆகவே, தொட்டியை மேலே ஏற்றிப் பொருத்துவதற்கு முன்பே மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள். நுழைவுக் குழாயின் அளவையும் பாருங்கள். விட்டம் இரு மடங்கானால் நீரின் வேகம் கால் பங்காகும். பம்பு வைத்த அமைப்பானால், பேனலின் ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 0.2 முதல் 0.4 லிட்டர் என்ற மெதுவான ஓட்டத்தில் அடுக்கு நிலைப்பது எளிது; எவ்வளவு ஓட்டத்துக்கு அமைத்துத் தருகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.