சித்தப்பா வண்டியின் நியூட்ரல் ஸ்விட்ச்: இரண்டு ஒர்க்‌ஷாப், இரண்டு விதமான வேலை

மூன்று வார லீவில் ஊருக்குப் போயிருந்தேன். இந்த முறை சேவை அனுபவம் என்று எழுத உட்கார்ந்தால் மற்றதெல்லாம் ஒரு வரிக்குத்தான் தேறும், சித்தப்பாவின் பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப் வண்டி விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதல் நாள் காலையில் நான்தான் வண்டியை எடுத்தேன். P (பார்க்கிங்) நிலையில் வைத்து ஸ்டார்ட் செய்து கியர் லிவரை D (டிரைவ்) நிலைக்குத் தள்ளினேன், இன்ஜின் சூடாகாததால் உடனே அணைந்துவிட்டது. லிவரை Dயிலேயே விட்டுவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினேன். நான் வழக்கமாக ஓட்டும் காரில் இப்படிச் செய்தால் ஒன்றுமே நடக்காது, செல்ஃப் எடுக்காது, அதைப் பார்த்துத்தான் லிவரை நகர்த்துவேன், பல வருடப் பழக்கம். இது எடுத்தது. எடுத்ததும் வண்டி முன்னால் பாய்ந்தது. சித்தப்பா அந்த நேரம் முன்னால் நின்று கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். அவர் ஒதுங்கினார், நான் பிரேக்கை மிதித்தேன், அவ்வளவுதான் இடைவெளி. அன்று முழுக்க எனக்குக் கை நடுக்கம் போகவில்லை.

விசாரித்தால், ஆறு மாதத்துக்கு முன் செல்ஃப் எடுக்காமல் நின்றதாம், ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டாராம், அரைமணி நேரத்தில் சரிசெய்து கொடுத்துவிட்டார்களாம். குனிந்து கியர்பாக்ஸ் பக்கம் பார்த்தேன். நியூட்ரல் ஸ்விட்சின் கப்ளரை, அதாவது ஒயர் மாட்டும் இணைப்பை, கழற்றித் தொங்கவிட்டு, வண்டிப் பக்கத்து ஒயர்களில் தடியான இரண்டைச் சீவி, ஒரு துண்டு ஒயரால் இணைத்து டேப் சுற்றியிருந்தது. அதாவது ஸ்விட்சைத் தாண்டி, எந்தக் கியரிலும் செல்ஃப் எடுக்கும்படி டைரக்ட் கொடுத்துவிட்டார்கள், சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. எனக்குக் கோபமே அதில்தான்.

இந்த ஸ்விட்சின் வேலை சிறியது. சாவியைத் திருப்பும்போது செல்ஃப் மோட்டாரை இயக்கும் ரிலேக்கோ சாலினாய்டுக்கோ போகும் கரண்ட் இதன் வழியாகப் போகிறது. லிவர் Pயிலோ N (நியூட்ரல்) நிலையிலோ இருந்தால் காண்டாக்ட் சேரும், மற்ற கியரில் பிரியும். மேனுவல் வண்டியைக் கியரில் வைத்து ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் மோட்டாரே வண்டியை ஒரு இழுப்பு இழுக்கும், அப்போதே தெரிந்துவிடும். ஆட்டோமேட்டிக்கில் அப்படி இல்லை. இன்ஜின் சுற்றாதவரை கியர்பாக்ஸ் பம்பும் சுற்றாது, ஆயில் அழுத்தம் இருக்காது, அதனால் Dயில் இருந்தாலும் செல்ஃப் சாதாரணமாகவே அடிக்கும். இன்ஜின் பிடித்து அழுத்தம் ஏறியதும்தான் வண்டி கிளம்பும். எச்சரிக்கையே கிடையாது, அதற்காகத்தான் அந்த ஸ்விட்சை வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் வேறொரு எலக்ட்ரீஷியனிடம் போனோம். அவர் வேலை செய்த விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்தார், ஹேண்ட் பிரேக் போட்டார். டைரக்ட் ஒயரைப் பிரித்தெடுத்துவிட்டுக் கப்ளரைத் துடைத்தார், உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. மாட்டியபின் Pயில் செல்ஃப் எடுக்கவில்லை. "Nல வெச்சு அடிங்க தம்பி" என்றார். எடுத்தது! முதல் ஒர்க்‌ஷாப்பில் இந்த ஒரு காரியத்தைச் செய்து பார்த்திருந்தாலே கோளாறு எங்கே என்று ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். செல்ஃப் அடிக்காமல் 'டிக்' சத்தமும் இல்லாமல், ஆனால் டேஷ்போர்டு விளக்கு நன்றாக எரிந்தால், பேட்டரியைத் திட்டுவதற்கு முன் Nல் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் ஸ்விட்சைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, லிவரை Nல் வைத்து, ஸ்விட்சின் கோட்டுக்கு நேராகத் திருப்பி இறுக்கினார். பல வண்டிகளில் இந்த அட்ஜஸ்ட்மென்ட் மட்டுமே போதுமாம், லிவர் கேபிள் தளர்ந்து ஸ்விட்ச் கொஞ்சம் விலகியிருக்கும். எங்களுக்கு அது போதவில்லை, Pயில் ஒரு தடவை எடுத்தது, ஒரு தடவை எடுக்கவில்லை. கப்ளரின் பின்பக்கமாக இரண்டு முனையிலும் மல்டிமீட்டர் வைத்து என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். நல்ல காண்டாக்டில் இரண்டு முனைக்கும் இடையே வோல்டேஜ் அரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டியது, இதில் 2 வோல்ட்டைத் தாண்டியது. உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கிறது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார்.

புது ஸ்விட்ச் வர இரண்டு நாள் ஆகும். "அதுவரைக்கும் பழையபடி டைரக்ட் கொடுத்துடலாமா அண்ணே?" என்று சித்தப்பாதான் கேட்டார், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்குங்க, Nல நல்லா எடுக்குதே. ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை மிதிச்சு, Nல ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நியாயமான பதில். நடுரோட்டில் நின்று, Nலும் எடுக்காமல், வேறு வழியே இல்லாதபோது வீடு போய்ச் சேர ஒரு தடவை டைரக்ட் கொடுப்பதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டுகிற ஒவ்வொருவரிடமும் சொல்லி, ஸ்டீயரிங்கில் எழுதி ஒட்டிவிட்டு, அன்றே வண்டியை வேலைக்கு விட வேண்டும். டேப் சுற்றி மறைத்துச் சாவியை நீட்டுவது வேலையே இல்லை.

புது ஸ்விட்ச் மாட்டியபின் ஒவ்வொரு நிலையாக வைத்துக் காட்டினார். P, Nல் எடுத்தது. R, D, 2, L நான்கிலும் கம்மென்று இருந்தது. பில்லில் ஸ்விட்சும் கூலியும் தனித்தனியாக இருந்தன, பழைய ஸ்விட்சையும் கையில் கொடுத்தார்.

ராத்திரி வீட்டுக்கு வந்து ரிவர்ஸ் எடுக்கும்போது பின்சுவரில் வெள்ளை வெளிச்சம் விழுந்தது. அந்த ரிவர்ஸ் விளக்கின் காண்டாக்டும் அதே ஸ்விட்சுக்குள்தான் இருக்கிறது, கப்ளரைக் கழற்றிய நாளிலிருந்து அது எரியவே இல்லை. பல்பு போய்விட்டது என்று நினைத்து ஆறு மாதமாக இருட்டிலேயே பின்னால் எடுத்திருக்கிறார் சித்தப்பா.