தூசி அலர்ஜியும் சுவருக்குச் சுவர் கார்பெட்டும்: சில வருட அனுபவம்

இங்கிலாந்தில் வாடகைக்கு வீடு எடுத்தால் பெரும்பாலும் கார்பெட்டும் சேர்ந்தே வரும். ஹால், படுக்கையறை, மாடிப்படி என்று சுவருக்குச் சுவர் இழுத்து அடித்திருப்பார்கள். சில பழைய வீடுகளில் குளியலறையில்கூட உண்டு. லண்டனில் ஹாரோ பக்கம் அப்படி ஒரு வீட்டில் ஐந்தாறு வருடம் இருந்தோம். இப்போது சொந்த வீடு, படுக்கையறைகளில் கார்பெட் இல்லை. மகளுக்குத் தூசி அலர்ஜி. இரண்டு விதமான தரையிலும் அவள் எப்படி இருந்தாள் என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இதே தொல்லையில் இருக்கும் பெற்றோருக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கார்பெட்டை ஒட்டுமொத்தமாகக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குளிர்காலத்தில் காலுக்கு அவ்வளவு இதம். மாடியில் ஓடினால் கீழே சத்தம் கேட்காது, பிள்ளை விழுந்தாலும் பெரிதாக அடிபடாது. அலர்ஜி யாருக்கும் இல்லையென்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அலர்ஜிக்காரர் தூங்கும் அறையில் மட்டும் அது வேண்டாம் என்பது என் முடிவு.

மகள் காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்முவாள். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்துவிட்டது. பள்ளிக்குப் போன பிறகு குறைந்துவிடும். சளி என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் சோதனையில் பூனைக்கும் புல் மகரந்தத்துக்கும் ஒன்றும் வரவில்லை, தூசி உண்ணிக்கு மட்டும் நன்றாகத் தடித்தது.

இந்தத் தூசி உண்ணி மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத, எட்டுக்கால் உயிர். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதற்குச் சாப்பாடு. வீட்டுத் தூசி அலர்ஜிக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று 1964-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். நம்மைத் தொந்தரவு செய்வது முக்கியமாக அதன் கழிவு உருண்டைகளில் உள்ள புரதம். உண்ணி செத்தாலும் அந்தப் புரதம் அங்கேயே கிடக்கும். இது புரிந்த பிறகுதான் எதற்குக் காசு செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்பது எனக்குத் தெளிவானது.

உதாரணத்துக்கு, காற்று சுத்திகரிப்பான். இந்தத் துகள்கள் கொஞ்சம் கனமானவை, கிளம்பினாலும் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் தரையில் படிந்துவிடும். எங்கள் வீட்டில் அந்த மெஷினால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நீராவி கிளீனர் உண்ணியைக் கொல்லும், புரதத்தை எடுக்காது. ஷாம்பு போட்டு உறிஞ்சும் மெஷினை வாடகைக்கு எடுத்தோம். கார்பெட் பளிச்சென்று ஆனது, ஆனால் அடியிலிருக்கும் ஸ்பாஞ்ச் உலர ரொம்ப நேரமானது. ஈரம்தான் உண்ணிக்கு வேண்டியதே.

வாக்யூம் கிளீனரில் ஹெப்பா ஃபில்டரும் (நுண்தூசியையும் பிடித்துவைக்கும் வடிகட்டி) பையும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண மெஷின் முன்பக்கம் உறிஞ்சி நுண்தூசியைப் பின்பக்கம் ஊதிவிடும். அலர்ஜி உள்ளவர் அந்த நேரம் அறையில் இருக்கக் கூடாது. பையை மாற்றுவதை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டேன். இத்தனை செய்தாலும் உயிரோடிருக்கும் உண்ணிகள் இழையை இறுகப் பிடித்துக்கொள்ளும், மேலே கிடக்கும் தூசிதான் வரும்.

வழுவழுப்பான தரையில் தூசி பறக்கும், கார்பெட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று கார்பெட் விற்பவர்கள் சொல்வார்கள். அதிலும் உண்மை உண்டு. ஆனால் பிடித்து வைத்ததை வெளியே எடுக்க வழி வேண்டுமே. அதன்மேல் பிள்ளைகள் ஓடியாடும்போது எல்லாம் திரும்பக் கிளம்புகிறது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா முதல் நாளே கேட்டார்: “தூக்கி உதற முடியாத பாயை எதுக்குடா விரிச்சு வெச்சிருக்கே?”

வாடகை வீட்டில் கார்பெட்டைப் பிய்க்க முடியாது. வீட்டுக்காரரிடம் கேட்டேன், முடியாது என்றுவிட்டார். அதனால் கை வைக்க முடிந்த இடங்களில் கை வைத்தோம். முதலில் படுக்கை. இரவு முழுக்க முகம் பதிந்திருப்பது அங்கேதான். மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்து முழுதாக மூடும் நெருக்கமான உறை போட்டோம். விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தோம். துணி பொம்மைகளை ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்து அப்புறம் துவைப்போம். செய்ததிலேயே அதிகப் பலன் இதில்தான். சில வாரங்களில் காலைத் தும்மல் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

அடுத்தது ஈரப்பதம். இதை நம் வீடுகளில் யாரும் கவனிப்பதில்லை. உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலிருக்கும் ஈரத்தை உடம்பால் இழுத்துக்கொள்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழேயே தொடர்ந்து இருந்தால் அது காய்ந்து செத்துவிடும். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி வைத்தேன். நவம்பர் மாதக் காலையில், மூடிய படுக்கையறையில், 70-க்கு மேல் காட்டியது. இட்லி வேகிறது, சோறு வடிக்கிறோம், துவைத்த துணி ரேடியேட்டர் மேல் காய்கிறது, குளிர் என்று ஜன்னலைத் திறப்பதில்லை. இத்தனை ஆவியும் வீட்டுக்குள்ளேதான் சுற்றும். சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன், காலையில் கொஞ்ச நேரம் ஜன்னல் திறப்பது, துணி காயும் அறையில் கதவை மூடி, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையர் மெஷின் என்று மாற்றினோம். 50-ஐ ஒட்டி இறங்கியது. குளிரான அறைக்கு, ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து வேலை செய்யும் டெசிகன்ட் வகை மெஷின் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் கரண்ட் செலவு கூடுதல்.

சொந்த வீடு வாங்கியதும் முதல் வேலையாகப் படுக்கையறைக் கார்பெட்டை எடுத்தோம். மகளை நண்பர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, அங்கேயே துண்டு துண்டாக வெட்டிச் சுருட்டிப் பையில் கட்டினோம். அடியில் மாவு போலத் தூசி. ஓரங்களில் ஆணிப் பட்டைகள் இருக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மரம் போலத் தெரியும் லேமினேட் பலகைத் தரை போட்டு, கட்டில் பக்கத்தில் சின்ன பவானி ஜமக்காளம் ஒன்று விரித்திருக்கிறோம். அதைத் துவைக்கலாம், வெளியே கொண்டுபோய் உதறலாம். தரையை விளக்குமாற்றால் பெருக்குவதில்லை, ஈரத்துணியால் துடைப்பதுதான்.

அலர்ஜி போய்விடவில்லை. செப்டம்பர், அக்டோபரில் மூக்கு ஸ்பிரே இன்னும் தேவைப்படுகிறது. டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தியதும் இல்லை. ஆனால் தினமும் போட்ட செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை இப்போது எப்போதாவதுதான். இரவில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதும் நின்றது.

மாடிப்படியில் மட்டும் கார்பெட்டை விட்டுவைத்திருக்கிறோம். வெறும் மரப்படியில் சாக்ஸ் காலோடு இறங்கினால் வழுக்கும், அம்மா வேறு வருடா வருடம் வந்து தங்குகிறார். மகள் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்து வாரம் இரண்டு முறை வாக்யூம் போடுகிறேன்.