போர்க்காலத்து டிஸ்னி: தகரப்பெட்டிக்குள் இரண்டு டிவிடி

ரொரன்ரோவில் இருக்கும் மச்சான் லீவுக்கு வந்தபோது பழைய டிவிடிக் கடையொன்றில் எடுத்தேன் என்று ஒரு தகரப்பெட்டியைத் தந்துவிட்டுப் போனார். 'வோல்ட் டிஸ்னி ட்ரெஷர்ஸ்' வரிசையில் 2004-ல் வந்த 'ஒன் த ஃப்ரண்ட் லைன்ஸ்'. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் டிஸ்னி ஸ்டூடியோ அரசுக்கும் இராணுவத்துக்கும் செய்துகொடுத்த கார்ட்டூன்களும் பயிற்சிப் படங்களும் உள்ளே. வட அமெரிக்காவுக்கான டிவிடி என்பதால் எல்லாப் பிளேயரிலும் ஓடாது. எங்கள் வீட்டு மலிவுப் பிளேயரில் மறுபேச்சில்லாமல் ஓடியது. படத்தின் அடியில் தமிழ் எழுத்து ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். திருகோணமலைக் கடற்காற்றுக்குத் தகரமும் ஒத்துவராது. மூடியின் ஓரத்தில் இப்போதே துரு.

பார்க்கும் முன் கொஞ்சம் கணக்குத் தெரிந்திருந்தால் நல்லது. 1923-ல் தொடங்கியபோது அந்த ஸ்டூடியோவின் பெயரிலேயே 'டிஸ்னி பிரதர்ஸ்' இருந்தது. கற்பனை தம்பி வோல்ட்டுடையது, காசு அண்ணன் ரோயின் பொறுப்பு. 1940-ல் பினோக்கியோ, ஃபன்டேசியா என்ற இரண்டு படங்களும் வந்த நேரம் ஐரோப்பாவில் போர். அங்கிருந்து வரவேண்டிய வசூல் நின்றுபோனது. பேர்பேங்கில் புது ஸ்டூடியோ கட்டிய செலவு வேறு. வங்கிக் கடன் 40 இலட்சம் டொலரைத் தாண்ட, கம்பனிப் பங்குகளை வெளியாருக்கு விற்றார்கள். 1941 மே மாதம் ஓவியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரசாங்க ஓடர்கள் வந்து சேர்ந்தது இந்த நெருக்கடியில்தான்.

பெட்டி முழுக்க வோல்ட் புராணம். ஆனால் நானும் தம்பியும் பிரின்ட் கடை நடத்துகிறவர்கள், நான் டிசைன், அவன் கல்லா. அதனாலோ என்னவோ, எனக்குப் படத்துக்குப் படம் ரோய்தான் தெரிந்தார்.

போர்ச் செலவுக்கு மக்களிடம் கடன் வாங்கும் போர்ச் சேமிப்புப் பத்திரத்தை விற்பதற்காகக் கனடா அரசு கேட்ட நான்கு படங்களையே பாருங்கள். நான்கும் சேர்த்து 20,000 டொலர். அந்தக் காசுக்குப் புதிதாக எங்கே வரைவது? பழைய மூன்று பன்றிக்குட்டிக் கதையை எடுத்து, ஓநாய்க்கு நாஜித் தொப்பி மாட்டி, செங்கல் வீட்டைச் சேமிப்புப் பத்திரத்தால் கட்டிவிட்டார்கள். ஏழு குள்ளர்களும் வைரத்தைத் தூக்கிக்கொண்டு பத்திரம் வாங்கப் போகிறார்கள். போன வருடத்து பேனரில் பெயரை மாற்றி அடித்துக் கொடுக்கிற எங்களுக்கு இது புதிதில்லை. ஆனாலும் அந்த ஓநாய் நடக்கும் நடையில் ஒரு குறை சொல்ல முடியாது.

எனக்குப் பிடித்தது யாரும் பேசாத ஒன்று: விமானத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியை அடிப்பது எப்படி என்று லொக்ஹீட் விமானக் கம்பனிக்காகச் செய்த படம். டொனால்ட் வாத்து இல்லை, பகிடி இல்லை. இரண்டு தகடுகளின் குறுக்குவெட்டு, துளை, அதன் வாயைச் சரிவாகக் குடைவது, ஆணித்தலை மேலே துருத்தாமல் மட்டமாக உட்காருவது. அவ்வளவுதான். கோடு ஒவ்வொன்றும் அத்தனை சுத்தம். வருமான வரி கட்டச் சொல்லும் டொனால்ட் டக் படமும் நல்ல கலகலப்பு. அதற்கான 80,000 டொலரைக் கொடுப்பதற்குத்தான் அமெரிக்கக் காங்கிரஸில் பெரிய சண்டையே நடந்தது.

சறுக்கல் எதுவென்றால், வோல்ட் தானாக ஆசைப்பட்டு எடுத்த 'விக்டரி த்ரூ எயார் பவர்' (1943). விமானம் வளர்ந்த கதையைச் சொல்லும் தொடக்கம் அருமை. அப்புறம் செவர்ஸ்கி என்ற விமான நிபுணர் வரைபடத்துக்கு முன்னால் நின்று பேசுகிறார், பேசுகிறார், அம்புக்குறிகள் ஓடுகின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் அடித்தன. அன்றைக்கே மட்டக்களப்புப் பக்கம் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலையும் தாழ்த்தின. சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரருக்கு விமானப்படையின் பலத்தை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வகுப்பெடுத்து விளக்க வேண்டுமா? படம் நட்டத்தில் முடிந்தது. ரோய் என்ன பாடுபட்டாரோ.

சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். ஜப்பானியரை வரைந்திருக்கும் விதம் முகம் சுளிக்க வைக்கும். நாஜிப் பள்ளிக்கூடத்தில் வளரும் ஒரு பையனின் கதை பெரியவர்களையே உலுக்கும். படம் வரைகிறவர்கள், கடை வைத்திருக்கிறவர்கள் தேடி வாங்கலாம். மற்றவர்கள் யாரிடமாவது இரவல் வாங்கி, ரிவெட், பன்றிக்குட்டி, வாத்து என்ற வரிசையில் பார்த்தால் போதும்.